மாமாவின் வலது கன்னம்

தோள்மூட்டில் சத்திரசிகிச்சை முடிந்து, மூன்று மாதம் வேலைக்குப் போகக் கூடாது என்று டொக்டர் சொன்னபோது நான் கவலைப்படுகிற முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே நல்ல சந்தோஷம். ஹீத்ரோவில் ஒரு சரக்குக் கொட்டகையில் இருபத்திரண்டு வருடமாகப் பெட்டி ஏற்றி இறக்குகிறவன் நான். மூன்று மாதம் சும்மா இருக்க எனக்குத் தகுதி உண்டு என்றுதான் நினைத்தேன். இல்லை என்பது இரண்டாவது கிழமையிலேயே தெரிந்துவிட்டது. வலது கை துணிப்பட்டியில் தொங்க, வீட்டுக்குள் நடந்து திரிந்து, கறிக்கு உப்புக் காணாது என்றும், திரைச்சீலை கோணல் என்றும், மகள் மஹதி ஒன்லைன் மீட்டிங்கில் பேசும்போது குரல் போதாது என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கிழமை என் மனைவி சிவரூபினி நூலக அட்டையை என் கையில் தந்து, நாலு மணிக்கு முன் திரும்பி வர வேண்டாம் என்றாள்.

ஹவுன்ஸ்லோ நூலகத்தின் வாசலில், கழித்துவிட்ட புத்தகங்களை ஒரு மேசையில் போட்டிருந்தார்கள். விருப்பமானதை எடுத்துப் போகலாம். அங்கேதான் அது கிடந்தது. செங்கல் தடிமன். அட்டையில் ஒரு மணப்பெண். அவளுடைய ஒரு பாதி கிழிந்து மஞ்சளித்திருந்தது, மற்றப் பாதி நேற்று எடுத்த படம்போல மின்னியது. பழைய புகைப்படங்களைக் கணினியில் திருத்திப் புதுப்பிக்கக் கற்றுத்தரும் ஆங்கிலப் புத்தகம். பதினான்கு அத்தியாயங்கள். ஒவ்வொன்றிலும் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டிரண்டு படங்கள். அந்தப் ‘பின்’ படங்களைப் பார்த்தபோது, நான் இதற்கென்றே பிறந்தவன், தவறுதலாகச் சரக்குக் கொட்டகைக்குப் போய்விட்டேன் என்று ஓர் எண்ணம் வந்தது.

எனக்கு இப்படி எண்ணம் வருவது முதல் தடவை அல்ல. முன்பு ஒருமுறை தேனீ வளர்ப்பு. இன்னொரு முறை மிருதங்கம். அந்த இரண்டையும் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

புத்தகத்தை எழுதிய பெண்மணி மிகப் பொறுமையானவர். முதலாம் அத்தியாயத்துக்கு ‘வேலை தொடங்கும் முன்’ என்று பெயர் வைத்திருந்தார். இரண்டாம் அத்தியாயம் ‘படத்தைக் கையில் எடுக்கும் முன்’. மூன்றாவதும் நாலாவதும்கூட எதற்கோ முன்தான். ஐம்பத்தேழு வயதான ஒருவனுக்கு இவ்வளவு முன்னுரை தேவையில்லை என்று நான் நேரே ஐந்தாம் அத்தியாயத்துக்குப் போனேன். அது புள்ளிகளையும் கறைகளையும் அகற்றுவது பற்றியது. மஹதி தன் பழைய மடிக்கணினியில் அந்த புரோகிராமை ஏற்றித் தந்தாள். புத்தகம் பன்னிரண்டு வருடம் பழையது, புரோகிராம் புதியது. ஆகவே புத்தகம் இடது பக்க மூலையில் இருக்கிறது என்று சொன்ன எந்த பட்டனும் அங்கே இருக்கவில்லை. அதோடு இடது கையால்தான் மவுஸைப் பிடிக்க முடிந்தது. ஒரு புள்ளியை அழிக்க நினைத்தால் பக்கத்து வீட்டுப் புள்ளி அழிந்தது.

இருந்தும் நாலே நாளில் எனக்கு வேலை கைவந்துவிட்டது என்று முடிவு செய்தேன். என்னோடு வேலை செய்கிற யோகலிங்கம் ரெய்னர்ஸ் லேனில் இருப்பவன். சுகம் விசாரிக்க வந்தவனிடம் அவனுடைய தாயாரின் படம் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். வாங்கினேன் என்பதைவிடப் பறித்தேன் என்பதுதான் சரி. படம் முழுக்கச் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். இரண்டு நாள் இருந்து ஒவ்வொன்றாக அழித்தேன். முகத்தில் ஒரு தூசு இல்லாமல் பளிச்சென்று அனுப்பிவைத்தேன். யோகலிங்கம் நன்றி சொல்லவில்லை. அம்மாவின் மூக்குத்தி எங்கே என்று மட்டும் கேட்டிருந்தான். நான் அதையும் ஒரு புள்ளி என்று எண்ணி அழித்திருந்தேன். பிறகு இணையத்தில் ஒரு மூக்குத்தியைத் தேடி எடுத்து ஒட்டினேன். அளவு கொஞ்சம் பிசகிவிட்டது. சைக்கிள் மணி மாதிரி இருக்கிறது என்றான் யோகலிங்கம்.

இவ்வளவு நடந்த பிறகும் ஒருவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நான் அப்படி இருக்கவில்லை.

லண்டனின் தென்பக்கம், சட்டனில் சிவரூபினியின் மூத்த சகோதரி பாலாம்பிகை அக்கா மகன் குடும்பத்தோடு இருக்கிறார். அவருடைய பேரனின் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹோலில் இருந்தபோது, பழைய படங்களைப் புதுப்பிப்பதில் உள்ள நுட்பங்களைப் பற்றி நான் விளக்கத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். அக்கா மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், சுவரில் தொங்கிய ஒரு படத்தைக் கழற்றி வந்து என் மடியில் வைத்தார்.

அது அவர்களுடைய அப்பாவின் படம். என் மாமா. நான் அவரைக் கண்டதில்லை. சிவரூபினியும் கண்டதாகச் சொல்ல முடியாது. தபாற்கந்தோரில் வேலை செய்த மனிதர், மாரடைப்பில் திடீரென்று போனபோது அவளுக்கு மூன்று வயது. அக்காவுக்கு அப்போது இருபது. யுத்தத்தில் வீட்டை விட்டு ஓடிய அவசரங்களில் மற்றப் படங்களெல்லாம் எங்கெங்கோ போய்விட, அக்காவின் பயணப்பையில் கிடந்த இந்த ஒன்று மட்டும் லண்டன் வரை வந்து சேர்ந்தது. என் மனைவிக்கு அப்பா என்றால் இந்தப் படம்தான். வேறொன்றும் இல்லை.

படம் தொங்கிய சுவருக்கு மறுபக்கம் குளியலறை. பல வருட ஈரம் சட்டத்துக்குள் இறங்கி, மாமாவின் வலது கன்னமும் கண்ணும் இருந்த இடம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. எண்ணெய் பட்ட காகிதம்போல அந்தப் பகுதி மங்கிப் பளபளத்தது. சிவரூபினி லண்டனுக்கு வந்து முதன்முதல் கண்டபோதே அது மங்கித்தான் இருந்ததாம். ஓரங்களில் பழுப்பு நிறத்தில் பூஞ்சணம். தெளிவாகத் தெரிந்தது இடது பாதி மட்டும்தான். அந்தப் பாதியில் அவர் யாரையோ கண்டிக்கப் போகிறவர்போல இருந்தார்.

“தம்பி, உம்மாலை ஏலுமெண்டால் செய்து தாரும். ஏலாதெண்டால் இப்பவே சொல்லும். இது ஒண்டுதான் இருக்கு,” என்றார் அக்கா.

சின்ன வேலை, ஒரு கிழமை போதும் என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் சிவரூபினி வேலைக்குப் போனதும் சட்டத்தைச் சமையலறை மேசையில் வைத்துப் பிரித்தேன். அவள் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள், மூன்று மணிக்குத்தான் வருவாள். மஹதி ஒஃபீஸுக்குப் போயிருந்தாள். பின்பக்க அட்டை சுலபமாகக் கழன்றது. ஸ்கான் செய்வதற்கு முன், படத்தைக் கண்ணாடியிலிருந்து எடுக்க வேண்டும் அல்லவா. எடுக்க வேண்டியதில்லை என்பது இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தது. தடித்த எழுத்தில், ஒரு பெட்டிக்குள், எச்சரிக்கைக் குறியோடு எழுதியிருந்தது. கண்ணாடியில் ஒட்டிய படத்தை ஒருபோதும் இழுக்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் செய்யுங்கள் என்று. அந்தப் பெட்டியை நான் பார்த்தது பதினொரு நாளைக்குப் பிறகு.

இடது கையால் ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். வாழைப்பழத்தோல் உரிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு மிச்சத்தையும் இழுத்தேன்.

படத்தைத் திருப்பிப் பார்த்தபோது மாமாவுக்குப் பாதி முகம்தான் இருந்தது. வலது கண், கன்னம், காது, வாயின் ஒரு பக்கம் எல்லாம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைக் காகிதம். மிச்சமிருந்த ஒற்றைக் கண் என்னையே பார்த்தது. கதிரையில் இருந்து, எழும்பி, தண்ணீர் குடித்து, மறுபடி வந்து பார்த்தேன். பாதிதான் இருந்தது.

அந்த நேரத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்லாமல் விட்டால் கதை விளங்காது. கண்ணாடியில் கறுப்பும் பழுப்புமாக ஏதோ அப்பிக்கொண்டிருந்தது. பூஞ்சணம், எல்லா அழிவுக்கும் இதுதான் காரணம் என்று அதன்மேல் கோபம் வந்தது. கண்ணாடியை இலவசப் பத்திரிகையில் சுற்றி, வெளியே கொண்டுபோய் கவுன்சிலின் கறுப்புக் குப்பைத் தொட்டிக்குள் போட்டு மூடினேன். பாதிப் படத்தை என் உடுப்பு அலுமாரிக்குள், மிருதங்கத்துக்குப் பின்னால் ஒளித்தேன். அந்த இடத்துக்கு வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள்.

முதலில் வேறு வழி தேடினேன். இருபது வருடமாக அக்கா வீட்டு ஹோலில் எத்தனை பிறந்தநாள், எத்தனை கேக். ஏதாவது ஒரு போனில் பின்னால் மாமாவின் படம் விழுந்திருக்காதா என்று நாற்பதுக்கு மேல் படங்களைத் தேடிப் பார்த்தேன். விழுந்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஃப்ளாஷ் வெளிச்சம் சரியாக மாமாவின் முகத்தில் அடித்திருந்தது. வெளிச்சம் அடிக்காத ஒரே படத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றது ஒரு தலை. பெரிதாக்கிப் பார்த்தேன். என்னுடைய தலை.

பிறகு, ஒரு தட்டில் எந்தப் படத்தையும் சரியாக்கும் என்று விளம்பரம் செய்கிற ஏஐ ஆப் ஒன்றில் பாதிப் படத்தைப் போட்டேன். ஆறு செக்கனில் ஓர் அழகான மனிதர் வந்தார். முத்துப் போன்ற பல் வரிசை, விளம்பரத்தில் வருகிற தாடை. கடன் அட்டை விற்கிறவர்போல இருந்தார். அதை அழித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். முகத்தின் ஒரு பாதி இல்லாவிட்டால் மற்றப் பாதியைப் பிரதி எடுத்துத் திருப்பி ஒட்டலாம் என்று எங்கோ படித்த ஞாபகம். ஒட்டினேன். மாமாவுக்கு இரண்டு பக்கமும் வகிடு வந்தது. சட்டையில் இரண்டு பை வந்தது. ஒரு பாதியில் கண்டிக்கப் போகிறவராக இருந்த மனிதர், இப்போது இரண்டு பாதியாலும் கண்டித்தார். ரயிலில் டிக்கெட் இல்லாமல் அகப்பட்ட எவனையும் விடமாட்டார் என்று தோன்றியது.

அப்போதுதான் எனக்கு மூன்றாவது யோசனை வந்தது. மாமாவின் மகள் இந்த வீட்டிலேயே இருக்கிறாள். அவளுடைய வலது கண் அவருடைய வலது கண்ணைப் போலத்தானே இருக்கும். காது எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்கு என்னுடையது போதும்.

சிவரூபினி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது போனோடு போய் நின்றேன். முகத்தை ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொன்னேன். அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்டாள். இன்றைக்கு நல்ல வடிவாக இருக்கிறாய், ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளத்தான் என்றேன். கலியாணம் முடித்து இருபத்தாறு வருடத்தில் நான் சொன்ன முதல் அப்படியான வசனம் அது. அடுத்த நாள் அவள் துணி மடிக்கும்போது எடுத்தேன். அதற்கடுத்த நாள், நேராகப் பார்த்தபடி, பல் தெரியாமல் இருக்கச் சொல்லி எடுத்தேன்.

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. என்னோடு மிகவும் அன்பாகப் பேசத் தொடங்கினாள். கறிக்கு உப்புக் காணாது என்று நான் சொன்னால் உடனே எழுந்து போய் உப்பு எடுத்து வந்தாள். சனிக்கிழமை சந்தைக்குப் போய் நண்டு வாங்கி, எனக்கென்று உறைப்பாக நண்டுக் கறி வைத்து, எனக்கு ஒரு கை ஏலாது என்று ஒவ்வொரு காலாக உடைத்துச் சதையை எடுத்துத் தட்டில் வைத்தாள். என் தோற்றத்தில் ஏதோ கவர்ச்சி கூடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குப் போகவில்லை. மேசையில் எனக்கு எதிரே வந்து இருந்தாள். கண் சிவந்திருந்தது.

“எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ,” என்றாள். “டொக்டர் என்ன சொன்னவர்?”

எந்த டொக்டர் என்று கேட்டேன்.

“தோளை ஸ்கான் எடுக்கேக்கை வேறை ஏதோ கண்டிருக்கினம், நீங்கள் எனக்குச் சொல்லாமல் ஒளிக்கிறியள். இல்லாட்டி ஏன் இப்பிடி என்ரை முகத்தைப் படம் படமா எடுக்கிறியள்? இரவிலை கூப்பிடக் கூப்பிட ஏன் பதில் இல்லாமல் யோசிக்கிறியள்? நான் அக்காவோடையும் கதைச்சனான். அவவும் அப்பிடித்தான் நினைக்கிறா.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் அழுதாள். என் வாழ்க்கையில் பல தடவை நான் முட்டாளாக நின்றிருக்கிறேன், ஆனால் நான் சாகப்போகிறேன் என்று ஒருத்தி அழுவதைப் பார்த்துக்கொண்டு, நண்டுக் கறியின் ருசி நாக்கில் இன்னும் இருக்க, அப்படி நின்றது கிடையாது. எனக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்லை, அழ வேண்டாம் என்றேன். அவள் நம்பவில்லை. நம்பவைக்க ஒரேயொரு வழிதான் இருந்தது. அறைக்குப் போய் மிருதங்கத்தை நகர்த்திப் படத்தை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் அழுகையை நிறுத்தினாள். படத்தைக் கையில் எடுக்கவில்லை. வெகு நேரம் பார்த்தபடி இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடந்தது எல்லாவற்றையும் நானே ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவளுடைய கண்ணையும் என்னுடைய காதையும் வைத்துச் செய்துகொண்டிருந்ததையும் சொன்னேன். காது என்றபோது ஒருமுறை நிமிர்ந்து என் காதைப் பார்த்தாள்.

“அந்தப் புத்தகத்தைத் தாங்கோ,” என்றாள்.

மருந்துப் பெட்டிக்குள் வருகிற துண்டுத்தாளைக்கூட முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறவள் அவள். புத்தகத்தை முதலாம் பக்கத்திலிருந்து தொடங்கினாள். நான் தேத்தண்ணி போட்டு வைத்தேன். அது ஆறியது. முக்கால் மணி நேரத்தில் இரண்டாம் அத்தியாயத்துக்கு வந்து, அந்தப் பெட்டியில் விரலை வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அங்கே இன்னொரு பந்தி இருந்தது. படத்தை ஏற்கெனவே இழுத்துவிட்டவர்களுக்கானது அது. என்னைப் போன்றவர்கள் உலகத்தில் வேறும் இருக்கிறார்கள் என்பதை அந்தப் பொறுமையான பெண்மணி அறிந்து வைத்திருந்தார். மனம் தளர வேண்டாம், காகிதத்தில் இல்லாத படம் எங்கேயும் போய்விடாது, அதன் மேற்படை கண்ணாடியில்தான் ஒட்டியிருக்கும், கண்ணாடியைக் கழுவாமல் பத்திரமாக வையுங்கள் என்று எழுதியிருந்தார்.

“கண்ணாடி எங்கை?”

“குப்பைக்குள்ளை போட்டிட்டன்.”

“எண்டைக்கு?”

“போன வியாழனுக்கு முதல் வியாழன்.”

அவள் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தாள். எங்கள் தெருவில் கறுப்புத் தொட்டியை இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள். நான் போட்டது எடுத்ததற்கு அடுத்த நாள். இனி எடுப்பது நாளை மறுநாள் காலை. அவள் எழுந்து கையுறை போட்டாள். எனக்கும் ஒன்று, இடது கைக்கு.

பின் தோட்டத்தில் பழைய படுக்கை விரிப்பை விரித்து, தொட்டியைச் சரித்தோம். பதினொரு நாள் குப்பை. சாப்பாட்டுக் கழிவைத் தனி வாளியில் போட வேண்டும் என்று கவுன்சில் கடிதம் போட்டும், நரி வந்து கிளறுகிறது என்று நான்தான் எல்லாவற்றையும் கறுப்புத் தொட்டிக்குள் போடுகிறவன். ஆகவே முதலில் வந்தது சனிக்கிழமை நண்டு. என்மேல் இரக்கப்பட்டு அவள் உடைத்த ஒவ்வொரு ஓடும் இரண்டு நாள் வெயிலில் கிடந்த மணத்தோடு வெளியே வந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். என் மனைவி ஆங்கிலத்தில் மிக மரியாதையாக, ஓம், என் அப்பாவின் முகம் என்றாள். அவர் தலையை உள்ளே எடுத்துக்கொண்டார்.

அடியில்தான் அது இருந்தது. பத்திரிகைச் சுற்றைப் பிரித்தபோது கண்ணாடி மூன்று துண்டாக உடைந்திருந்தது. சிவரூபினி ஒரு துண்டை வானத்துக்கு நேரே பிடித்தாள். பூஞ்சணம் என்று நான் கோபப்பட்ட அந்தப் பழுப்புக்குள் ஒரு கண் இருந்தது. இமை மயிர்கூடத் தெரிந்தது. அவள் அந்தத் துண்டைப் பிடித்தபடி நண்டு ஓடுகளுக்கு நடுவில் நின்றாள். நான் குப்பையை அள்ளித் தொட்டிக்குள் திரும்பப் போடத் தொடங்கினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு மூன்று கிழமை வேலை நடந்தது. நான் மடிக்கணினிக்கு முன்னால். அவள் பக்கத்தில் புத்தகத்தோடு. வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு நாளும் மாலையில் ஒன்றரை மணி நேரம். அவள் ஒரு வரியைப் படித்து, நான் அதைச் செய்து, சரி என்று அவள் பார்த்த பிறகுதான் அடுத்த வரி. நான் அவசரப்பட்டு மவுஸை நகர்த்தினால், இன்னும் முடியவில்லை, கையை எடுங்கள் என்பாள். கண்ணாடித் துண்டுகளுக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் வைத்து ஸ்கான் செய்தோம். மூலப் படத்தைத் தொடாமல் எல்லாவற்றையும் பிரதியில் செய்தோம். அது முதலாம் அத்தியாயம். மாமாவின் இரண்டு பாதியையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து, வெடிப்புகளின் மேல் ஊசிமுனை அளவு தூரிகையால் ஒரு பொட்டு, இன்னொரு பொட்டு என்று நிரப்பினோம். இடது கை என்றதால் வேகமாகச் செய்ய எனக்கு வழியே இல்லை. அது நல்லதாகப் போயிற்று.

மஹதி இடைக்கிடை வந்து எட்டிப் பார்ப்பாள். “அப்பா, you’re actually good at this,” என்று ஒருநாள் சொன்னாள். நான் பதில் சொல்வதற்குள் சிவரூபினி, அப்பாவைப் புகழ்ந்து பழுதாக்காதே என்று அவளை அனுப்பிவிட்டாள்.

மூன்றாவது கிழமை முடிவில் மங்கலை எடுத்து வெளிச்சத்தைச் சரிசெய்தபோது வலது பாதி முழுதாக வந்தது. அந்தப் பக்கத்தை எண்ணெய்ப் படலத்துக்குப் பின்னால் அல்லாமல் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இடது பக்கத்தில் இறுக்கமாக இருந்த வாய், வலது பக்கத்தில் மேலே ஏறியிருந்தது. கன்னம் உப்பி, கண் கொஞ்சம் சுருங்கியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கண்டிப்பாக இருக்க முயன்று, முடியாமல் சிரிப்பு வருகிற ஒரு மனிதர்.

“அப்பா சிரிக்கிறார்,” என்றாள். பிறகு, “நான் அவரை நல்ல கண்டிப்பான ஆள் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்,” என்றாள். அன்றைக்கு அவள் அதற்குமேல் புத்தகத்தைப் படிக்கவில்லை. கணினியையும் மூட விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சட்டனுக்குப் போனோம். அச்சடித்த படம், பாதிக் காகிதம், மூன்று கண்ணாடித் துண்டு எல்லாவற்றையும் கொண்டுபோனோம். நல்ல படத்தை மட்டும் கொடுத்துவிட்டு வரலாம் என்று காரில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சிவரூபினி வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள், காது கேட்காதவள்போல.

அக்காவிடம் நானே சொன்னேன். அவர் முதலில் நான் உயிரோடு நல்ல சுகமாக இருப்பதை நேரில் கண்டு சந்தோஷப்பட்டார். பிறகு பாதிக் காகிதத்தைப் பார்த்தார். அதன்பின் பத்து நிமிடம் அவர் சொன்னவற்றை இங்கே எழுதவில்லை, எல்லாம் உண்மை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கடைசியில், “தம்பி, நீர் இனி இந்த வீட்டுச் சுவரிலை ஒரு ஆணியைக்கூடத் தொடக்கூடாது,” என்று முடித்தார்.

மூச்சு வாங்கிக்கொண்டு மூக்குக் கண்ணாடியைப் போட்டு, அச்சடித்த படத்தைக் கையில் எடுத்தார். சிவரூபினி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா சிரிக்கிறார், என்னக்கா?”

அக்கா படத்தைக் கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார்.

“சிரிப்போ? இது சிரிப்பில்லையடி. அண்டைக்கு அவருக்குக் கொடுப்புப் பல்லு வீங்கியிருந்தது. பதவி உயர்வுக்குப் படம் குடுக்கக் கடைசி நாள், வீங்கின கன்னத்தோடை போய் எடுத்திட்டு வந்தவர்.”

நான் சிவரூபினியைப் பார்த்தேன். ஒருநாள் அந்தக் கன்னம் மற்றதைவிடப் பெரிதாக இருக்கிறது என்று நானே கொஞ்சம் அமத்திச் சரியாக்கப் போய், சிவரூபினி கையில் அடித்து நிறுத்தியிருந்தாள். ஆனால் நான் பயந்தது அதற்கல்ல. மூன்று நாளாக அவள் அந்தச் சிரிப்பைப் போனில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“பிறகு பல்லைப் பிடுங்கினவரோ?”

அக்கா கொஞ்சம் யோசித்தார். யாரும் தன்னிடம் இதுவரை கேட்காத கேள்வி என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அப்பாவுக்குப் பல் டொக்டர் என்றால் பயம் என்றார். மூன்று நாள் கராம்பை வாய்க்குள் அடக்கிக்கொண்டு வாயே திறக்காமல் வீட்டில் இருந்தாராம். ஏதாவது வேண்டுமென்றால் கந்தோரிலிருந்து கொண்டுவந்த தந்தித் தாளில் எழுதி நீட்டுவாராம். அதுவும் சொல்லுக்குக் காசு கட்டுகிறவர்போல, சுருக்கமாக. தேத்தண்ணி. சீனி வேண்டாம். ரேடியோவைக் குறை. அக்காதான் அவற்றை வாங்கி அம்மாவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுகிறவராம்.

“உனக்கு அப்ப இரண்டு வயசு. நீ கத்திக்கொண்டு கிடந்தனி. அதுக்கும் ஒண்டு எழுதித் தந்தவர். ‘சின்னவள் அழுகிறாள். உடனே தூக்கு.’”

சிவரூபினி அதை மறுபடி சொல்லச் சொன்னாள். அக்கா சொன்னார். பிறகு, பல் எப்படிப் போனது, யார் பிடித்துக்கொண்டு போனது, பஸ்ஸில் திரும்பி வரும்போது என்ன நடந்தது என்று இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கினார்கள். படம் மேசையில் கிடந்தது. என்னை இருவருமே மறந்துவிட்டார்கள். நான் சமையலறைக்குப் போய், ஒரு கையால் கழுவக்கூடிய கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவி வைத்தேன். ஹோலிலிருந்து சிரிப்பு வந்தது, மறுபடி சிரிப்பு வந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குப் பாதி விளங்கவில்லை.

பின்னேரம் வீட்டுக்குத் திரும்பும்போது சிவரூபினி காரை மெதுவாக ஓட்டினாள். வருகிற ஞாயிறும் தான் சட்டனுக்குப் போவதாகச் சொன்னாள். அக்கா இன்னும் நிறைய யோசித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாராம்.

“நீங்கள் வரத் தேவையில்லை,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

நான் சரி என்றேன்.